நகராட்சித் தேர்தலும் நகரப் போக்குவரத்தும்

நகராட்சித் தேர்தலில் நிற்கும் வேட்பாளர்கள் பேருந்து வசதியைப் பெருக்குவதாக வாக்களிப்பது வழக்கம். அதை நிறைவேற்றும் அதிகாரம் மன்றத்திடம் உள்ளதா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-வது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளைக் குறிப்பிடுகிறது. அவற்றை நகராட்சிகளிடம் ஒப்படைப்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. சாலைகள், பாலங்கள், தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியன பட்டியலில் உள. நகரப் போக்குவரத்து தனிப் பணியாக இல்லை. நிறுத்தம் நகராட்சிக்கு உரியது, அங்கு வந்து நிற்கும் பேருந்து பெரும்பாலும் வேறு நிறுவனத்திற்கு உரியது! ஆகவே, நடைபாதையைச் செப்பனிடுவேன் என்னும் வேட்பாளரின் வாக்குறுதியே கூடுதல் நம்பகமானது எனலாம்.

விதிவிலக்குகளும் உண்டு. டெல்லியில் 1958 முதல் 1971 வரை பேருந்துகள் மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தன. பின்னர் மைய அரசு அவற்றை ஏற்றது. அகமதாபாத்திலும் மும்பையிலும் 1947 முதல் மாநகராட்சியே பேருந்துகளை நடத்தி வருகிறது.

மும்பையின் 'பெஸ்ட்' நிறுவனத்தில் மின் விநியோக வருவாய் நெடுங்காலம் பேருந்துப் பிரிவின் இழப்பை ஈடுசெய்து வந்தது. அவ்வழி அடைபட்டபின் மாநகராட்சியின் நிதியுதவி இன்றியமையாததாயிற்று. 2019-ல் குறைந்தபட்சக் கட்டணம் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அது 10 ரூபாயாக உயர்ந்தது. 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிவுற்றிருந்தமையால், அவ்வுயர்வை எதிர்த்தோ ஆதரித்தோ வாக்களிக்க அப்போது மும்பையில் ஓர் உறுப்பினரும் இல்லை.