அலகு: வெப்பம் – அடைகாக்கும் பொறியில் வெப்பநிலையைப் பாதுகாப்பாகக் கட்டுப்படுத்தல்

மாணவர்களே, வெப்ப இடமாற்றம், திண்மங்களின் விரிவு, தன்வெப்பக் கொள்ளளவு, மின்வலு ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகக் கற்றுள்ளீர்கள். இவை அனைத்தும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் இடமே அடைகாக்கும் பொறி. கட்டமைப்பு வினாக்களில் இத்தகைய பிரயோகங்களை எதிர்பார்க்கலாம். எனவே காரணங்களை விளங்கிக் கற்க வேண்டும்.

1. வெப்பநிலை ஏன் முக்கியம்?

கோழி முட்டை 21 நாட்களில் பொரிக்கும். காற்றாடி பொருத்திய பொறியில் இதற்கேற்ற வெப்பநிலை 37.5 பாகை செல்சியசு ஆகும். வெப்பநிலை சற்றுக் குறையின் முளையத்தின் வளர்ச்சி தாமதமாகும். கூடினால் முளையம் இறக்கும். குறை வெப்பத்திலும் மிகை வெப்பமே ஆபத்தானது. அடைக்கோழியும் இரை தேடச் சிறிது நேரம் முட்டையை விட்டு எழுந்து செல்வதை வீட்டில் கண்டிருப்பீர்கள். அந்தச் சிறு குளிர்ச்சியை முளையம் தாங்கும்.

ஊர்வனவற்றில் வெப்பநிலை இன்னொரு வேலையையும் செய்கிறது. தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே 1976 இல் அமைக்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணையில், குளத்து முதலையின் முட்டைகள் வெவ்வேறு மாறா வெப்பநிலைகளில் அடைவைக்கப்பட்டன. 1989 இல் வெளியான முடிவுகளின்படி, 28 முதல் 31 பாகை வரை பெண் குட்டிகள் மட்டுமே பொரித்தன. 32.5 பாகையில் ஆண் குட்டிகள் மட்டுமே பொரித்தன. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஒரு கூட்டின் பால் முழுவதையும் மாற்றிவிடுகிறது. கடலாமைகளிலோ கூடிய வெப்பநிலையில் பெண் குஞ்சுகளே தோன்றும்.

கவனிக்க: இலங்கையில் முதலையும் கடலாமையும் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் முட்டைகளைச் சேகரித்தல் குற்றமாகும். செயற்பாடுகளுக்குக் கோழி முட்டையையே பயன்படுத்துக.

2. பெட்டிக்குள் வெப்பம் செல்லும் வழிகள்

மின்குமிழின் சூடு முட்டையை மூன்று வழிகளில் அடைகிறது.

(அ) கதிர்ப்பு: மின்குமிழிலிருந்து நேரடியாக வருவது. அருகிலுள்ள முட்டை மிகையாகச் சூடாகும். எனவே இடையில் ஒரு தகட்டு மறைப்பு வேண்டும்.
(ஆ) மேற்காவுகை: சூடான வளி மேலெழும், குளிர்ந்த வளி கீழிறங்கும். ஆகவே காற்றாடி இல்லாத பெட்டியில் மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதி குளிராகவும் இருக்கும். வெப்பமானியின் குமிழை முட்டையின் மேல்மட்ட உயரத்தில் வைக்க வேண்டும். மூடியில் தொங்கவிட்டால் வாசிப்பு பிழைக்கும்.
(இ) கடத்தல்: முட்டை தொடும் தட்டினூடாக நிகழ்வது.

வெளியே வெப்பம் இழக்கப்படுவதைக் குறைக்க ரெஜிபோம் போன்ற வெப்பக் காவலி பயன்படும். எனினும் முளையம் சுவாசிப்பதால் கீழும் மேலும் வளித் துளைகள் அவசியம்.

3. ஈருலோகக் கீலம்

பித்தளையும் இரும்பும் ஒட்டிய கீலத்தைச் சூடாக்கினால் பித்தளை கூடுதலாக விரியும். எனவே கீலம் இரும்பின் பக்கமாக வளைந்து தொடுகையை விடுவிக்கும், மின்குமிழ் அணையும். பெட்டி குளிர்ந்ததும் கீலம் நிமிர்ந்து மீண்டும் சுற்றை மூடும். இதுவே வெப்பநிலைநிறுத்தியின் தத்துவம். அடைகாக்கும் பொறிக்கெனத் தானாக இயங்கும் வெப்பநிலைநிறுத்தியை 17 ஆம் நூற்றாண்டிலேயே ஒல்லாந்தரான கொர்னேலிசு திரெபெல் அமைத்தார். மின்சாரம் இல்லாத அக்காலத்தில் அது அடுப்பின் காற்று வழியைத் திறந்து மூடியது.

4. தொடுகை ஒட்டிக்கொண்டால் என்ன நிகழும்?

தொடுகையில் தீப்பொறி உண்டாவதால் அது சிலவேளை உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது மின்குமிழ் அணையாது. இதைக் கணித்துப் பார்ப்போம்.

அறை வெப்பநிலை 27.5 பாகை, பெட்டி 37.5 பாகை. 40 வாற்று மின்குமிழ் பாதி நேரம் மட்டும் எரிகிறது எனக் கொள்க. பெட்டி இழக்கும் வெப்பம் சராசரியாக 20 வாற்று ஆகும். வெப்பநிலை வேறுபாடு 10 பாகை. எனவே ஒரு பாகைக்கு இழப்பு 2 வாற்று.

மின்குமிழ் அணையாது எரியின், பெட்டி அறையிலும் உயரக்கூடிய வெப்பநிலை:
25 வாற்று: 25 ÷ 2 = 12.5 பாகை, பெட்டி 40 பாகை
40 வாற்று: 40 ÷ 2 = 20 பாகை; பெட்டி 47.5 பாகை
100 வாற்று: 100 ÷ 2 = 50 பாகை; பெட்டி 77.5 பாகை

100 வாற்றில் முட்டை மட்டுமன்றி வீடும் ஆபத்துக்குள்ளாகும். பெட்டியின் வளியிலும் மின்குமிழின் கண்ணாடி மிகச் சூடானது. அதில் வைக்கோலோ ரெஜிபோமோ தொட்டிருந்தால் தீப்பற்றலாம்.

அப்படியானால் 25 வாற்று போதுமா? மார்கழி, தை மாத விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் அறை 23 பாகைக்குக் குறைந்தால் வேறுபாடு 14.5 பாகை. தேவையான வலு 14.5 × 2 = 29 வாற்று. எனவே 25 வாற்று போதாது. 40 வாற்று மின்குமிழைப் பொருத்தி, சற்று உயர்ந்த வெப்பநிலையில் விடுவிக்கும் இரண்டாவது வெப்பநிலைநிறுத்தியைத் தொடர்நிலையில் இணைப்பதே சரியான தீர்வு. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றையது சுற்றை உடைக்கும்.

5. மின்வெட்டு நேரத்தில்

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. பொறியில் முட்டை வைத்தவர்களுக்கு இது பெரும் சோதனை. பெட்டிக்குள் எப்போதும் நீர்ப் போத்தல்களை வைத்திருப்பது உதவும்.

4 கி.கி. நீர் 37.5 இலிருந்து 35.5 பாகைக்குக் குளிரும்போது வெளிவிடும் வெப்பம்
= திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம்
= 4 × 4200 × 2 = 33 600 யூல்
இழப்பு 20 வாற்று எனின் நேரம் = 33 600 ÷ 20 = 1680 செக்கன் = 28 நிமிடம்

பெட்டி குளிரும்போது இழப்பு வீதமும் குறைவதால் உண்மையான நேரம் சற்றுக் கூடும். காவலியைத் தடிப்பாக்கி இழப்பைப் பாதியாக்கினால் நேரம் இருமடங்காகும். நீண்ட மின்வெட்டில் போத்தல்களுக்கு இளஞ்சூட்டு நீர் மாற்றுக. மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம். சாக்கால் போர்த்தினால் வளித் துளைகளை மறைக்க வேண்டாம், மின்சாரம் வருமுன் சாக்கை அகற்றுக. பெட்டிக்குள் அரிக்கன் லாம்போ குப்பி விளக்கோ வைக்கவே கூடாது. தீ அபாயத்துடன், குறை தகனத்தால் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டும் உண்டாகும்.

6. பாதுகாப்பு விதிகள்

• உலோகப் பெட்டியைப் புவித்தொடுப்புச் செய்க.
• "ட்றிப் சுவிச்" எனப்படும் மீதியோட்டச் சுற்றுடைப்பான் உள்ள சுற்றிலேயே இணைக்குக.
• ஈரப்பதனுக்காக வைக்கும் நீர்த்தட்டை மின் இணைப்புகளிலிருந்து விலக்குக.
• மின்குமிழைக் கம்பி வலையால் மூடுக. ஊர்வன வளர்க்கும் கூடுகளிலும் இது கட்டாயம். பாம்பு சூடான மின்குமிழைச் சுற்றிக்கொண்டு எரிகாயமடையலாம்.
• ஊர்வன தம் உடல் வெப்பநிலையை இடம் மாறியே சீராக்கும். எனவே கூட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கி மறுபக்கத்தைக் குளிராக விடுக.
• முட்டை வைக்குமுன் ஒரு நாள் வெறும் பொறியை இயக்கி வாசிப்புகளைக் குறித்துக்கொள்க.

பயிற்சி வினாக்கள்

1. காற்றாடியற்ற பொறியில் வெப்பமானியை மூடியருகே வைத்தால் முட்டைகள் எவ்வாறு பாதிக்கப்படும்?
2. அறை 32.5 பாகையாக உள்ளபோது மேற்படி 40 வாற்று மின்குமிழ் எத்தனை வீத நேரம் எரியும்?
3. இரண்டு வெப்பநிலைநிறுத்திகளைச் சமாந்தரமாக இணைத்தால் பாதுகாப்புக் கிடைக்குமா?

விடைகள்

1. மேலுள்ள சூடான வளியின் வெப்பநிலையையே வெப்பமானி காட்டும். அதைக் கொண்டு 37.5 பாகைக்குச் சீராக்கினால் கீழுள்ள முட்டைகளுக்குக் குறைந்த வெப்பமே கிடைக்கும். பொரித்தல் தாமதமாகும் அல்லது நிகழாது.
2. வேறுபாடு 5 பாகை; இழப்பு 10 வாற்று; 10 ÷ 40 = 25 வீதம்.
3. கிடைக்காது. ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றையது விடுபட்டாலும் மின்னோட்டம் தொடர்ந்து பாயும். தொடர்நிலையே சரி.