தனியிசைக் கலைஞரின் நிறைவின்மை: பண்ணைப்புர இசைமரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சூழலில் வெகுசன இசை என்பது பெரும்பாலும் திரையிசையே. அதற்கு வெளியே இயங்க விழையும் தனியிசைக் கலைஞர் அதன்மீது கொள்ளும் நிறைவின்மை பொதுவாக ரசனை வேறுபாடாகவே விளக்கப்படுகிறது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் தோன்றிய பாவலர் வரதராசனின் மேடையிசையையும், அவர் தம்பி இளையராஜாவின் திரைசாரா ஆக்கங்களையும் முதன்மைச் சான்றுகளாகவும், 2021இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலை ஒப்பீட்டுச் சான்றாகவும் கொண்டு இக்கட்டுரை அவ்விளக்கத்தை மறுபரிசீலனை செய்கிறது. நிறைவின்மை மெட்டின்மீது எழுவதன்று. சொல், வடிவம், உரிமை ஆகிய மூன்றையும் தீர்மானிப்பவர் யார் என்பதன்மீது எழுவது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தனியிசை, திரையிசை, மெட்டு, இடையிசை, மேடைப்பாடல், பதிப்புரிமை, கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

‘தனியிசை’ என்னும் சொல் அண்மைக் காலத்தில் பரவலானது. அது குறிக்கும் செயல்பாடோ பழையது. திரைப்படத்தின் கதைச்சூழலுக்காக அன்றித் தம் நோக்கத்திற்காகவே இசையமைத்தும் பாடியும் வந்தவர்கள் தமிழகத்தில் எக்காலத்தும் இருந்துள்ளனர். தெருக்கூத்து, இசைநாடகம், கட்சி மேடை, கோயில் திருவிழா ஆகியவை அவர்களுக்குக் களம் அமைத்தன. எனினும் பேசும் படம் வந்தபின் இக்களங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் திரைப்பாடலோடு உறவு கொள்ள நேர்ந்தது. தனியிசையைத் திரையிசையின் நேரெதிராக நிறுத்தும் பார்வை இவ்வுறவைக் காணத் தவறுகிறது. ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், இரு துறைகளும் அடுத்தடுத்துக் கையாளப்பட்ட பண்ணைப்புரம் இவ்வுறவை ஆராயத் தக்க களமாகும்.

பள்ளத்தாக்கும் பாட்டும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நீளும் இப்பகுதி, 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் அடங்கும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றபின் நெல் வேளாண்மை இங்கு வலுப்பெற்றது. வயல்வெளியின் நடவுப் பாட்டும் தெம்மாங்கும் கும்மியும், இறப்பு வீட்டின் ஒப்பாரியும், திருவிழாவின் உறுமியும் பறையும் இந்நிலத்தின் அன்றாட இசை.

இப்பள்ளத்தாக்கின் மக்கள் வாழ்வு மலையடிவாரத்தோடு முடிவதில்லை. குமுளி, போடிமெட்டு வழிகளில் மேலேறினால் ஏலத் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் வரும். 1956இல் மாநிலங்கள் மொழிவழிச் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கு உழைத்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். எல்லைக்கு அப்பாலும் தமிழ்ப் பாட்டுக்குக் கேட்போர் இருந்தனர். பாவலரின் மேடை எவ்வளவு தொலைவு எட்டியது என்பதை அறிய இந்நிலவியல் பின்புலம் இன்றியமையாதது.

மெட்டைக் கொண்டு சொல்லை மாற்றுதல்

பாவலர் வரதராசன் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடியவர். 1958இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் தோட்டத் தொழிலாளரிடையே பாடினார். அத்தேர்தலில் ரோசம்மா வென்றார். 1943இல் பிறந்த இளையராஜா பதின்பருவத்திலேயே தமையனின் குழுவில் சேர்ந்து, ஆர்மோனியம் இசைத்தும் பாடியும் ஊர் ஊராகச் சென்றார்.

மக்கள் நன்கறிந்த நாட்டுப்புற மெட்டுகளையும் திரைப்பாடல் மெட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் அரசியற் கருத்தைப் பொதிந்து பாடுவது பாவலர் குழுவின் முறைகளுள் ஒன்று. இம்முறை தமிழுக்குப் புதியதன்று. குஜிலிப் பதிப்புகளாக வெளிவந்த பாட்டுப் புத்தகங்களில், இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று தலைப்பின்கீழ்க் குறிக்கும் வழக்கம் உண்டு. அச்சில் இசைக்குறியீடு இன்றியே வாசகர் பாடிவிடுவதற்கு அக்குறிப்பு ஒன்றே போதுமானதாயிற்று. பாவலரின் மேடையும் அதே நம்பிக்கையில் இயங்கியது.

இம்முறையின் பயன் இருவகைப்படும். முதலாவது, மெட்டு முன்னரே செவிக்குப் பழகியிருப்பதால் கேட்போரின் கவனம் முழுவதும் சொல்லின்மீது செல்கிறது. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டுக் கூட்டத்திற்கு வந்து நிற்கும் தொழிலாளிக்குப் பாட்டை மீண்டும் கேட்கும் வாய்ப்பு அரிது. முதல் கேட்பிலேயே கருத்து சேர்ந்தாக வேண்டும். இரண்டாவது, புதுச்சொல்லுக்கு அடியில் மூலப்பாடலின் பழஞ்சொல்லும் கேட்போர் மனத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. காதலைப் பாடிய மெட்டில் கூலி உயர்வைக் கேட்கும்போது, திரைப்பாடல் எதைப் பாடாமல் விட்டது என்பதும் உடன் புலனாகிறது. திரையிசைமீதான விமரிசனம் அதன் மெட்டுக்குள்ளேயே நிகழ்வதை இங்குக் காணலாம்.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. திரைப்பாடலின் மெட்டில் பிறந்த மேடைப்பாடலின் ஆயுள் அத்திரைப்பாடலின் ஆயுளோடு பிணைக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு வேறு படம், வேறு மெட்டு. மேலும் திரைப்பாடல் இசைத்தட்டாலும் வானொலியாலும் பரவியதுபோல் மேடைப்பாடல் பரவவில்லை. அது பாடியவர் குரலிலும் கேட்டவர் நினைவிலும் தங்கியது. சொல்லுரிமை முழுமையாகத் தம்மிடம் இருந்தும், அச்சொல்லை நிலைநிறுத்தும் கருவி மேடைக்கலைஞரிடம் இல்லை.

இடையிசையும் அதன் விடுதலையும்

இளையராஜா 1968இல் சென்னை சென்றார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை பயின்று, இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். பஞ்சு அருணாசலத்தின் ‘அன்னக்கிளி’ (1976) வழியே இசையமைப்பாளராக அறிமுகமானார். இங்கு உறவின் திசை மாறுகிறது. தமையன் திரைமெட்டைக் கிராமத்து மேடைக்குக் கொண்டுவந்தார். தம்பி கிராமத்து மெட்டைத் திரைக்குக் கொண்டுசென்றார்.

திரைப்பாடலின் வடிவம் கலைநோக்கத்தால் மட்டும் அமைந்ததன்று. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். அவ்வரம்பு நீங்கியபின்னும் அவ்வளவு பழக்கமாகத் தங்கிவிட்டது. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் என்னும் அடுக்கில் பல்லவியும் சரணமும் கதைச்சூழலுக்கும் இயக்குநருக்கும் பாடலாசிரியருக்கும் நடிகருக்கும் உட்பட்டவை. எவருடைய தலையீடும் மிகக் குறைவாக விழும் பகுதி இடையிசை. இளையராஜாவின் திரைப்பாடல்களில் பல்குரலிசை, எதிர்மெட்டு, தந்திக் கருவிகளின் உரையாடல் ஆகியவை செறிந்து நிற்பது இப்பகுதியிலேயே. திரைப்பாடலுக்குள் தனியிசைக் கலைஞர் குடியிருந்த இடமாக இடையிசையைக் கொள்ளலாம்.

1986இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் தொகுப்பை இந்நோக்கில் அணுகும்போது அதன் இடம் தெளிவாகிறது. தியாகராசருக்கும் யோகான் செபாஸ்தியன் பாக்கிற்கும் படைக்கப்பட்ட இத்தொகுப்பு கருவியிசையாலானது. இதில் கதைச்சூழல் இல்லை. பல்லவி திரும்ப வந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. இடையிசை, தான் இடைப்பட்டு நின்ற பாடலை உதறிவிட்டுத் தனித்து எழுந்ததுபோல் இதன் அமைப்பு உள்ளது. தொகுப்பின் பெயர் ‘எவ்வாறு பெயரிடுவது’ என்னும் பொருளது. உட்பகுதிகளின் பெயர்களோ ‘நீ விடுதலையாக இருக்க இயலாது’, ‘ஒப்பிடாதே’, ‘எதையும் செய்’ என்னும் பொருளில் அமைந்துள்ளன. திரைத்துறையில் மிகுந்த வாய்ப்போடு இயங்கிய காலத்தில் ஒரு கலைஞர் தம் சொந்த ஆக்கத்திற்கு இட்ட பெயர்கள் இவை. சொல்லற்ற இசையில் கருத்துரைக்கும் ஒரே சொல் தலைப்பே என்பதால், விடுதலை குறித்த இப்பெயர்களைத் தற்செயல் என ஒதுக்குதல் பொருந்தாது.

இங்கு உடன்பிறந்தார் இருவரின் வழிகளையும் ஒப்பிடலாம். தமையன் மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினார். தம்பி சொல்லையே விலக்கினார். திரைப்பாடலின் எந்தப் பகுதி தம்மைக் கட்டுப்படுத்துவதாக ஒவ்வொருவரும் உணர்ந்தனர் என்பதன் வேறுபாடே இது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இளையராஜா திரைத்துறையை விட்டு விலகவில்லை. ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின் இசைத்த வி. எஸ். நரசிம்மன் அவருடைய திரையிசைக் குழுவில் நெடுங்காலம் இசைத்தவரே. ஆகவே இதனை நிறைவின்மை எனக் கொள்வது எங்ஙனம்? இம்மறுப்பு உண்மையில் நம் கருதுகோளுக்கு வலுச்சேர்க்கிறது. வெறுப்பு இருந்திருப்பின் விலகல் நேர்ந்திருக்கும். கலைஞரும் கருவியும் கூடமும் பயிற்சியும் திரைத்துறையினவே; மாறியது தீர்மானிக்கும் உரிமை மட்டுமே. ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு அமைந்த ‘நத்திங் பட் விண்ட்’ (1988), புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவான ‘திருவாசகம்’ (2005), 2025 மார்ச் 8இல் இலண்டனில் அரங்கேறிய ‘வேலியண்ட்’ சிம்பொனி ஆகியவை அவ்வுரிமையை நாடிய தொடர் முயற்சிகள். இவற்றுள் ‘திருவாசகம்’ தனித்துக் கருதத்தக்கது. அதில் சொல் மீண்டும் வருகிறது. ஆனால் மெட்டுக்கோ காட்சிக்கோ எழுதப்பட்ட சொல்லாக அன்று, இசைக்கு முன்னரே நிலைபெற்ற சொல்லாக வருகிறது.

உரிமையும் பெயரும்

சொல்லையும் வடிவத்தையும் வென்றெடுத்த கலைஞருக்கும் எஞ்சி நிற்பது உரிமைச் சிக்கல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அச்சிலோ எழுத்திலோ வரைவிலோ பதிந்ததையே இசைப்படைப்பு என வரையறுத்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வரையறையைத் தளர்த்தி, எழுதப்படாத இசையையும் உள்ளடக்கியது. வாய்மொழியாக மெட்டமைத்துப் பாடிய மேடைக்கலைஞரின் மெட்டு, அதுவரை சட்டத்தின் கண்ணில் படைப்பாகவே நிற்கவில்லை. திரையிசை குறித்து உச்ச நீதிமன்றம் 1977இல் அளித்த தீர்ப்பு, ஊதியம் பெற்றுப் படத்திற்கு இசையமைப்பவரின் படைப்புக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. எதிரான ஒப்பந்தம் இருந்தாலன்றி இதுவே நிலை. அத்தீர்ப்போடு இணைத்த குறிப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடுவோரின் கலைக்குச் சட்டம் இடமளிக்காமையைச் சுட்டிக் கவலை தெரிவித்தார். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்கிற்கு வெளியிலான பயன்பாட்டுக்குப் பெற வேண்டிய பங்குத்தொகையை விட்டுக்கொடுக்க இயலாத உரிமையாக்கியது 2012ஆம் ஆண்டுத் திருத்தம்.

சட்டம் திருந்தியபின்னும், திரைக்கு வெளியே பிறந்த பாடலுக்கும் இச்சிக்கல் நேர்வதை ‘எஞ்சாயி எஞ்சாமி’ (2021) காட்டுகிறது. தீ, அறிவு ஆகியோர் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த இப்பாடல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய அறிவின் பாட்டியின் வாழ்வையும் நிலமற்ற உழைப்பாளரின் வரலாற்றையும் பொருளாகக் கொண்டது. தேவிகுளத்தில் பாவலரின் பாட்டைக் கேட்டு நின்ற தோட்டத் தொழிலாளர், அறுபது ஆண்டுகளுக்குப்பின் பாட்டின் பொருளாகவே மாறியதை இதில் காண்கிறோம். கட்சி மேடையும் திரைப்படமும் இன்றி இணையவழியே உலகெங்கும் சென்றது இப்பாடல். எனினும் 2021 ஆகஸ்டில் ஓர் இசையிதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாமை பெரும் விவாதத்தை எழுப்பியது. இப்பாடலால் தங்கள் மூவருக்கும் வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார்.

இவற்றுள் அட்டைப்பட விவாதம் பொருளியல் சார்ந்ததன்று. அதனை விளங்கிக்கொள்ளத் தமிழ் மரபிலேயே அளவுகோல் உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்று 208ஆம் பாடல் பதிவு செய்கிறது. பொருளை நாடி வரும் வணிகராகத் தம்மைக் கருதியதே புலவரின் மனத்தாங்கல். தகுதி அறிந்து தருவது மிகச் சிறிதாயினும் போதும் என்பது அவர் நிலைப்பாடு. பரிசில் குறைந்ததால் எழுந்த சினம் அன்று அது, காணப்படாமையால் எழுந்தது. தனியிசைக் கலைஞரின் நிறைவின்மையும் இவ்வகையினதே. ஊதியம் அதன் ஒரு கூறு. தம் படைப்பில் தாம் காணப்பட வேண்டும் என்பது அதன் மையம்.

தொகுப்புரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தமிழ்த் தனியிசை திரையிசைக்கு வெளியே தோன்றி அதனை எதிர்த்து நின்ற தனித்துறை அன்று. மெட்டும் கருவியும் கலைஞரும் கேட்போரும் இரண்டுக்கும் பொதுவாகவே இருந்துள்ளனர்.

2. பாவலரின் மேடையிசை சொல்லுரிமையையும், இளையராஜாவின் திரைசாரா ஆக்கங்கள் வடிவ உரிமையையும் நாடின. ‘எஞ்சாயி எஞ்சாமி’ குறித்த விவாதங்கள், இவ்விரண்டும் கைவந்தபின்னும் உடைமையுரிமையும் பெயருரிமையும் தாமாக வந்து சேர்வதில்லை என்பதைக் காட்டுகின்றன.

3. ஆகவே தனியிசைக் கலைஞரின் நிறைவின்மையை ரசனை வேறுபாடாக மட்டும் விளக்குதல் போதாது. அது படைப்புரிமை சார்ந்த கேள்வி.

இம்முடிவுகள் ஒரு கடமையையும் சுட்டுகின்றன. வெகுசன இசைக்குள் சென்றவரின் ஆக்கம் இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் காக்கப்பட்டது. செல்லாதவரின் ஆக்கம் கேட்டோரின் நினைவை நம்பியே நின்றது. கம்பம் பள்ளத்தாக்கிலும் அதனையொட்டிய மலைத்தோட்டங்களிலும் 1950களின் மேடைப்பாடல்களை இளமையில் கேட்டவர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்கள் நினைவிலுள்ள பாடல்களைச் சொல்லோடு மட்டுமன்றி, எம்மெட்டில் பாடப்பட்டன என்னும் குறிப்போடும் களஆய்வின்வழிப் பதிவு செய்தல் வேண்டும். மெட்டின் பெயர் தொலைந்தால் அப்பாடல் எத்திரைப்பாடலுக்கு மறுமொழியாக எழுந்தது என்பதும் தொலையும். இப்பணியை மேற்கொள்ளும் காலம் குறுகியது.