ரயில் பெட்டிகள் பேசும் பொதுமொழி



ஆகஸ்டு 29-ஆம் நாள் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடி ஏறிவிட்டால், செப்டம்பர் 8-ஆம் நாள் பெருவிழா முடியும்வரை ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரைச் சாலையெல்லாம் யாத்திரிகர் கூட்டந்தான். அதே நாட்களில் நாகப்பட்டினத்தை அடுத்த வேளாங்கண்ணிக்குச் செல்வோருக்காகத் தென்னக ரயில்வே சிறப்பு ரயில்களை விடுகிறது. வேளாங்கண்ணிக்கே ரயில் பாதை வந்தது 2010-ஆம் ஆண்டில். இத்தகைய நாட்களில் கூட்டம் மிகுந்தால் வண்டியில் கூடுதலாக ஒரு பெட்டியைச் சேர்ப்பதும் உண்டு. அந்தப் பெட்டி பெரம்பூரில் செய்ததாக இருக்கலாம். பஞ்சாபில் உள்ள கபூர்தலாவில் செய்ததாகவும் இருக்கலாம். எங்கிருந்து வந்தாலும் கொக்கி மாட்ட வேண்டும், காற்றுக் குழாய் இணைய வேண்டும், மின் இணைப்பு பொருந்த வேண்டும். இந்த மூன்றையும் நாம் கண்ணால் காணலாம். நான்காவது ஒன்று இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு பெட்டி சொல்வதை மற்றொரு பெட்டி புரிந்துகொள்ள வேண்டும். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

பெட்டிகள் பேசுமா என்று சிறு வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கக்கூடும். நமது பறக்கும் ரயிலில் போனவர்கள் மணியோசையைக் கேட்டிருப்பார்கள். பின்னால் இருக்கும் கார்டு (2022 முதல் இவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர்) முன்னால் இருக்கும் ஓட்டுநருக்கு மணி அடிக்கிறார். இரண்டு மணி என்றால் புறப்படு. ஒரு மணி என்றால் நிறுத்து. கடற்கரை நிலையத்துக் கார்டும் தாம்பரத்து ஓட்டுநரும் முன்பின் அறியாதவர்களாக இருக்கலாம். ஆனால் இரண்டு மணிக்கு இருவரும் ஒரே பொருள்தான் கொள்கிறார்கள். முன்கூட்டியே பேசி எழுதிவைத்த இத்தகைய உடன்பாட்டைத்தான் தரநிர்ணயம் என்கிறோம். குப்பத்தில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். வலையின் இரு தலைக் கயிற்றையும் இரு கூட்டத்தார் பிடித்திருப்பார்கள். இழு என்பதற்கும் நிறுத்து என்பதற்கும் ஆளுக்கொரு சொல்லை வைத்துக்கொண்டால் வலை கோணிப்போகும், மீனும் போய்விடும்.

மணிக்கும் மூத்தது ஒன்று உண்டு. அது காற்று. வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும் பிரேக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தத்தில் காற்று நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் அந்த அழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள வால்வு அதை உணர்ந்து, தன் தொட்டியில் சேமித்து வைத்த காற்றைக் கொண்டு பிரேக்கைப் போடும். இம்முறையை 1870-களில் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் உருவாக்கினார். இதன் அருமை எதில் இருக்கிறதென்றால், அழுத்தம் இருப்பது ‘ஓடு’ என்பதற்கு அடையாளம். இல்லாமை ‘நில்’ என்பதற்கு அடையாளம். வண்டி நடுவில் அறுந்துபோனால் குழாய் பிரிந்து, காற்று வெளியேறி, இரு பாதிகளும் தாமாகவே நின்றுவிடும். செய்தி வராமற்போவதும் ஒரு செய்தியே என்று எண்ணிய மனிதரை எத்தனை பாராட்டினாலும் தகும். ஒரே ஒரு குறை, காற்றின் செய்தி பெட்டி பெட்டியாகத்தான் பரவும். கடைசிப் பெட்டிக்குச் சற்றுத் தாமதமாகவே போய்ச் சேரும். அதனால்தான் புறநகர் மின்ரயில்களில் எல்லாப் பெட்டிகளின் பிரேக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கும்படி காற்றோடு மின்சாரத்தையும் சேர்த்தார்கள்.

மின்சாரம் வந்ததும் கம்பிகள் பெருகின. விளக்குக்கு ஒரு கம்பி, மணிக்கு ஒரு கம்பி, கதவுக்கு ஒன்று, ஒலிபெருக்கிக்கு ஒன்று. ஒரு செய்திக்கு ஒரு கம்பி என்ற இந்த முறை எளியது. பழுதானால் கண்டுபிடிப்பதும் எளிது. ஆனால் பெட்டியில் குளிர்சாதனம், தானியங்கிக் கதவு, நிலைய அறிவிப்புப் பலகை, தீ எச்சரிக்கை என்று சாதனங்கள் கூடக்கூட, இரு பெட்டிகளுக்கிடையே தொங்கும் கம்பிக்கட்டு மணிக்கட்டுப் பருமனாயிற்று. அதில் ஓர் ஊசி வளைந்தாலும் தொல்லை.

பிறகு கணிப்பொறி வந்தது. நூறு செய்திகளை எண்களாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே இரட்டைக் கம்பியில் அனுப்ப முடிந்தது. கம்பி குறைந்தது, வேறொரு சிக்கல் முளைத்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணிப்பொறி மொழியை வைத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் என்ஜின், மற்றொரு நிறுவனத்தின் பெட்டியோடு பேச முடியவில்லை. மறைக்கல்வி வகுப்பில் பாபேல் கோபுரத்தின் கதையைப் படித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கட்டடம் நின்றது. இங்கே வண்டி நிற்கும்!

இதற்கு ஒரு வழி காண வேண்டுமென்று உலக மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐ.இ.சி.) 1980-களின் இறுதியில் ஒரு குழுவை அமைத்தது. 1922-இல் பாரிஸில் தொடங்கப்பட்ட பன்னாட்டு ரயில்வே ஒன்றியமும் கைகொடுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ரயில்வேக்களும் தொழிற்சாலைகளும் பல்லாண்டுகள் உட்கார்ந்து பேசின. ஒரே பொருளை விற்கப் போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்ந்து பொதுமொழி வகுப்பது எளிதன்று. விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் பெட்டிகளைக் கோத்து ஒரு சோதனை வண்டியை 1994, 1995 ஆண்டுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் 1999-இல் ஐ.இ.சி. 61375 என்ற எண்ணோடு ‘டிரெயின் கம்யூனிகேஷன் நெட்ஒர்க்’ என்னும் தரநிர்ணயம் வெளிவந்தது.

இதில் இரு அடுக்குகள் உள்ளன. ஒரு பெட்டிக்குள்ளேயே கதவு, பிரேக், குளிர்சாதனம் முதலியவற்றை இணைப்பது ஒன்று, இதற்கு எம்.வி.பி. என்று பெயர். பெட்டியையும் பெட்டியையும் இணைத்து வண்டி முழுதும் ஓடுவது மற்றொன்று, இதற்கு டபிள்யூ.டி.பி. என்று பெயர். இரண்டிலும் ‘பி’ என்பது பஸ். பெசன்ட் நகரிலிருந்து பெரம்பூர் போகும் 29சி அல்ல இது! எல்லாச் சாதனங்களும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கம்பித் தடத்துக்கு மின்னணுவியலார் இட்ட பெயர். பெட்டிக்குள் ஓடுவது விநாடிக்கு 15 லட்சம் பிட்டுகளையும், வண்டி முழுதும் ஓடுவது 10 லட்சம் பிட்டுகளையும் கொண்டுசெல்லும். வண்டித் தடம் இடையில் உதவிக் கருவி இல்லாமலே 860 மீட்டர் நீளம்வரை எட்டும். 26 மீட்டர் நீளமுள்ள 22 பெட்டிகள் என்றால் 572 மீட்டர். கம்பி வளைந்து நெளிந்து போவதற்காக இன்னும் பாதியைக் கூட்டினால் 858. கணக்குப் பாடத்தில் இப்படி ஒரு வினா வந்தால் நன்றாயிருக்கும்.

ஒரே கம்பியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடாதா? ஆகாது. காலையில் வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் அழைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அழைக்கப்பட்டவள் மட்டும் பதில் சொல்கிறாள். வகுப்பு முழுவதும் அதைக் கேட்கிறது. இங்கும் தலைமைக் கருவி ஒன்று ஒவ்வொரு சாதனத்தையும் முறைவைத்து அழைக்கிறது. “மூன்றாம் கதவே!” என்றதும் மூன்றாம் கதவு தன் நிலையைச் சொல்கிறது, அது தேவைப்படுகிற எல்லாச் சாதனங்களும் கேட்டுக்கொள்கின்றன. வண்டித் தடத்தில் இந்த அழைப்புச் சுற்றின் அடிப்படைக் காலம் ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு. அவசரமான செய்திகளுக்கு ஒவ்வொரு சுற்றிலும் இடம் உண்டு. அவசரமற்றவை மீதி நேரத்தில் போகும். ஆசிரியை விடுப்பில் போனால்? மற்றொரு கருவி தலைமையை ஏற்கும். பதில் வரவில்லையென்றால், பழைய பதிலையே நம்பிக்கொண்டிருக்காமல், அது காலாவதியாகிவிட்டது என்று கேட்கும் சாதனம் கொள்ள வேண்டும். வெஸ்டிங்ஹவுஸின் காற்றுக்குழாய்ப் பாடம் இங்கும் தொடர்வதைக் கவனியுங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, பெட்டிகள் தங்கள் வரிசையைத் தாங்களே அறிந்துகொள்ளும் முறை. இதை வெறும் சாமர்த்தியம் என்று எண்ணிவிடாதீர்கள்; இதில் உயிர் இருக்கிறது. பிளாட்பாரம் இடப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் ‘இடக் கதவுகளைத் திற’ என்கிறார். ஆனால் ரயில் பெட்டிக்கு முன் பின் கிடையாது. யார்டில் சேர்க்கும்போது ஒரு பெட்டி திரும்பி நிற்கலாம். திரும்பி நிற்கும் பெட்டிக்குத் தன் இடம் என்பது வண்டியின் வலம். அது கட்டளையை அப்படியே நிறைவேற்றினால், கதவு எதிர்த் தண்டவாளத்தின் பக்கம் திறக்கும். கதவில் சாய்ந்து நிற்கும் ஒரு தாய், கையில் குழந்தையோடு, என்ன ஆவாள்?

ஆகவே வண்டி கோக்கப்பட்டதும் ஒரு சடங்கு நடக்கிறது. தலைமைப் பெட்டி 1 என்ற எண்ணை எடுத்துக்கொள்கிறது. அதன் ஒரு பக்கத்தில் உள்ளவை 2, 3, 4 என்று எண் பெறுகின்றன; மறுபக்கத்தில் உள்ளவை 63, 62, 61 என்று பெறுகின்றன. எண் பெறும்போதே ஒவ்வொரு பெட்டியும் தன் எந்த முனை தலைமையை நோக்கியிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்கிறது. இனி ‘இடம்’ என்றால் எது என்பதில் ஐயமில்லை. வழியில் ஒரு பெட்டியைக் கழற்றினாலும் சேர்த்தாலும் எண்ணிடல் மறுபடி நடக்கும். யாரும் உட்கார்ந்து விசைப்பலகையில் தட்ட வேண்டியதில்லை.

இன்னொரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிகளை இணைக்கும் செருகிகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து களிம்பேறும். நம் கடற்கரையில் சன்னல் கம்பி எத்தனை நாள் தாங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும். களிம்பின் வழியே மெல்லிய செய்தி மின்னோட்டம் புகாது. ஆகையால் அவ்வப்போது சற்றுக் கூடுதலான மின்னழுத்தத்தைச் செலுத்தி அந்தப் படலத்தை உடைத்துக்கொள்ளவும் இத்தரநிர்ணயம் வழி செய்திருக்கிறது. வேதியியல் பாடத்தில் ஆக்ஸைடு என்று மனப்பாடம் செய்கிறீர்களே, அதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பண்டித நேரு திறந்துவைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெட்டிகள் நாடெங்கும் ஓடின. அவ்வகையில் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளிவந்தது. பின்னர் வந்த ஜெர்மானிய வகையான எல்.எச்.பி. பெட்டிகளின் கொக்கி வேறு வகை. பழைய பெட்டியோடு நேராக இணையாது. கண்ணுக்குத் தெரிகிற இரும்புக் கொக்கியிலேயே இவ்வளவு இடைஞ்சல் என்றால், காணாத மொழியில் எவ்வளவு இருக்கும்!

அதே பெரம்பூரில் 2018 அக்டோபரில் உருவாகி, 2019 பிப்ரவரி 15-ஆம் நாள் டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியதுதான் வந்தே பாரத். பதினாறு பெட்டிகளில் எட்டில் மோட்டார்கள். அவற்றை இயக்கும் மின்சாதனங்கள் ஹைதராபாத்திலிருந்து வந்தன. எட்டும் ஒன்றாய் இழுக்க வேண்டும், ஒன்றாய் விட வேண்டும். எல்லாக் கதவும் மூடிய பின்பே வண்டி நகர வேண்டும். பெட்டிகளுக்குள் பேச்சு ஓயாமல் நடந்தால்தான் இது கூடும். நம் சென்னையிலிருந்து மைசூருக்கு இவ்வண்டி 2022 நவம்பர் 11-இல் வந்தது. 2023 டிசம்பர் 30-இல் தொடங்கிய அம்ருத் பாரத் வண்டியோ இன்னும் சுவையானது. இருபத்திரண்டு பெட்டிகள், இரு கோடியிலும் ஒவ்வோர் என்ஜின். முன் என்ஜினில் இருக்கும் ஓட்டுநரே பின் என்ஜினையும் நடத்துகிறார். நடுவில் உள்ள இருபத்திரண்டு பெட்டிகளும் தங்களுக்குத் தேவையில்லாத அந்தச் செய்தியையும் வாங்கி மறுபக்கம் சேர்க்கின்றன. இவற்றில் ஒரு பெட்டியின் இணைப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தால் பின் என்ஜினுக்குச் செய்தி எட்டாது.

பொதுமொழியால் காசும் மிச்சமாகிறது. எல்.எச்.பி. பெட்டிக்கு வகுத்த ஆயுள் 35 ஆண்டுகள். அதிலுள்ள மின்னணுச் சில்லு அவ்வளவு காலம் கடையில் கிடைக்குமா? செய்த நிறுவனமே மூடப்பட்டிருக்கலாம். மொழி அந்த நிறுவனத்தின் இரகசியமாக இருந்தால், அது கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் நல்ல பெட்டியை ஓரங்கட்ட வேண்டும். மொழி பொதுவாக இருந்தால் வேறொருவர் செய்த கருவியைப் பொருத்திக்கொள்ளலாம். பயணச்சீட்டு வாங்குகிற நம் பெற்றோரின் பணமல்லவா அது!

விநாடிக்குப் பத்து லட்சம் பிட்டுகள் இன்று போதவில்லை. கண்காணிப்புக் காமிராவின் படம் ஒன்றே அதை விழுங்கிவிடும். ஆகவே 2014-இல் ஈதர்நெட் முறையை அதே 61375 வரிசையில் சேர்த்தார்கள். அதன் வேகம் பழையதைப்போல் நூறு மடங்கு. வேகம் மாறினாலும் வண்டி கோத்ததும் பெட்டிகள் ஒன்றையொன்று விசாரித்து வரிசை அறியும் முறையை விட்டுவிடவில்லை.

பெட்டிகளுக்கிடையே நடக்கும் பேச்சைப் போலவே வண்டிக்கும் நிலையத்துக்கும் இடையேயும் ஒன்று வேண்டும். லக்னோவில் 1957-இல் அமைக்கப்பட்ட ஆர்.டி.எஸ்.ஓ. என்னும் ரயில்வே ஆராய்ச்சி, தர நிறுவனம் இதற்காக வகுத்ததே ‘கவச்’. கருவிகளைச் செய்வோர் பலர். இராயபுரம் பணிமனையிலிருந்து புறப்படும் மின் என்ஜினில் ஒரு நிறுவனத்தின் கருவி இருக்கும். வழியிலுள்ள நிலையத்தில் வேறொரு நிறுவனத்தின் கருவி இருக்கும். இரண்டும் வானொலி அலையில் பேசிப் புரிந்துகொண்டாக வேண்டும் என்பது தொடக்கமுதலே விதி. 2016 பிப்ரவரியில் பயணி வண்டிகளில் சோதனை தொடங்கியது. 2020-இல் நாட்டின் பொது முறையாக ஏற்கப்பட்டது. நான்காம் பதிப்பு 2024 ஜூலையில் ஒப்புதல் பெற்றது. இடையில் 2022 மார்ச் 4-ஆம் நாள் செகந்திராபாத் கோட்டத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே தண்டவாளத்தில், ரயில்வே அமைச்சர் ஏறியிருந்த என்ஜினை எதிரே நின்ற மற்றொரு என்ஜினை நோக்கி ஓட்டினார்கள். ஓட்டுநர் பிரேக்கைத் தொடவில்லை. 380 மீட்டர் இடைவெளி இருக்கும்போதே அது தானாக நின்றது.