காத்திருக்கும் கண்கள்

நுழையும்முன்

பார்த்தல் இயல்பு, கூர்ந்து பார்த்தல் பயிற்சி. விரைந்து மாறும் காட்சிகளுக்குப் பழகிய கண்கள், மெதுவாக நகரும் திரைப்படத்தின்முன் சோர்வடைகின்றன. அச்சோர்வைக் கடந்தவர் அடைவது யாது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

புதுச்சேரியும் ஐரோப்பியத் திரைப்படமும்

பிரெஞ்சு ஆட்சிப்பகுதியாக விளங்கிய புதுச்சேரியின் நிருவாகம் 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவிடம் வந்தது. ஆயினும் மொழியும் கலையும் வளர்த்த உறவு தொடர்கிறது. இந்நகரில் 1889இல் தொடங்கப்பட்ட அலியான்சு பிரான்சேசு நிறுவனம், பிரெஞ்சு மொழியைக் கற்பிப்பதோடு பிரெஞ்சுத் திரைப்படங்களையும் திரையிட்டு வருகிறது. வணிகத் திரையரங்குகளில் காணக் கிடைக்காத படங்களைப் பலரும் ஒன்றாக அமர்ந்து காண இத்தகைய திரையிடல்கள் வழிசெய்கின்றன.

காலத்தைக் காட்டும் கலை

பெரும்பாலான படங்களில், வீட்டுக் கதவைத் திறப்பவர் அடுத்த நொடியே கடைத்தெருவில் நிற்பார். இடைப்பட்ட நேரத்தைப் படத்தொகுப்பு நீக்கிவிடும். ஐரோப்பியக் கலைப்பட இயக்குநர் சிலர் அந்நேரத்தை நீக்காமல் திரையில் நிறுத்தினர்.

பெல்சிய நாட்டு இயக்குநர் சாந்தால் அக்கர்மன் 1975இல் உருவாக்கிய ‘ழான் தீல்மான்’ இதற்குச் சிறந்த சான்றாகும். 201 நிமிடங்கள் ஓடும் இப்படம், பிரசெல்சு நகரில் மகனுடன் வாழும் கைம்பெண் ஒருவரின் மூன்று நாள்களைக் காட்டுகிறது. அவர் உருளைக்கிழங்கைத் தோலுரிக்கிறார், பாத்திரம் துலக்குகிறார். படக்கருவி அசையாமல் அவரை நோக்குகிறது. இரண்டாம் நாள், கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. வேறொரு படத்தில் இது பொருட்படுத்தத் தக்க நிகழ்வாகாது. அப்பெண்ணின் ஒழுங்கை நெடுநேரம் கண்டு பழகிய பார்வையாளரோ திடுக்கிடுகிறார். அவர் வாழ்வில் ஏதோ குலையத் தொடங்கியதை உணர்கிறார்.

‘சைட் அண்டு சவுண்டு’ இதழ் 2022இல் திறனாய்வாளர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் இப்படம் முதலிடம் பெற்றது. அவ்வாக்கெடுப்பில் பெண் ஒருவர் இயக்கிய படம் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை.

சலிப்பும் தெளிவும்

இத்தகைய படங்களைக் காண்போர்க்குச் சலிப்புத் தோன்றுவது இயல்பே. மெதுவான படங்கள் யாவும் சிறந்தவை என்று கொள்ளவும் வேண்டியதில்லை. நீளும் காட்சி, முதலில் கண்ணுக்குத் தப்பிய எதையேனும் பின்னர்ப் புலப்படுத்துகிறதா என்று ஆராய்தல் வேண்டும். திரையிடலுக்குப்பின் நிகழும் கலந்துரையாடல் இதற்குத் துணைசெய்யும். ஒருவர் காணத் தவறியதை மற்றொருவர் கண்டிருப்பார்.

திரையில் ஒரு பெண்ணின் அடுக்களை வேலையைப் பொறுமையுடன் நோக்கியவர், தம் இல்லத்தில் நாள்தோறும் நிகழும் உழைப்பையும் காணத் தொடங்குவார். பார்க்க நேரம் ஒதுக்காதவர்க்கு அவ்வுழைப்பு அருகிலிருந்தும் புலப்படுவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் நிகழும் ஒரு வேலையைப் பத்து நிமிடம் தொடர்ந்து உற்றுநோக்கி, கண்டவற்றை எழுதுக.

2. ‘சலிப்பூட்டும் படம் சிறந்த படமாக இருக்க இயலுமா?’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.