கடல் பக்கத்தில் இருந்தால் மழை வந்துவிடுமா?

மேகம் கடலில் இறங்கித் தண்ணீர் மொண்டு வரும். இரண்டு மேகம் இடித்துக்கொண்டால் மழை கொட்டும். வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர்ப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளரும் விளக்கம் இதுதான். சூரியன், கடல், அம்புக்குறி, மேகம் என்று பள்ளியில் வரையும் படமும் இதை அதிகம் திருத்துவதில்லை. கடல்நீர் ஆவியாவது உண்மைதான். ஆனால் மழைக்கு அது மட்டும் போதுமென்றால் எண்ணூரில் மே மாதம் முழுக்கப் பெய்ய வேண்டும். அப்போதும் கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, சட்டை உடம்போடு ஒட்டும் அளவுக்குக் காற்றில் ஈரமும் இருக்கிறது. இருந்தும், சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 140 செ.மீ. மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் வருகிறது. மே மாதத்தில் அந்த ஈரக்காற்றை மேலே தூக்கிவிட ஆளில்லை. மேலே கிடக்கும் வறண்ட, சூடான காற்று அதை எழும்பவும் விடுவதில்லை. எழும்பினால்தான் காற்று விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால்தான் ஆவி நீராகும். வடகிழக்குப் பருவத்தில் தாழ்வு மண்டலங்கள் காற்றைத் தூக்குகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையோரம் மெல்ல நகர்ந்தபோது இது மணிக்கணக்கில் நிற்காமல் நடந்தது, வடசென்னை மூழ்கியது. ஜூலை, ஆகஸ்டு மாலைகளில் மேற்கிலிருந்து வரும் காற்றும் கடற்காற்றும் எதிர்ப்படும் இடத்தில் காற்று எழும்பி இடிமழையாகிறது.

ஆலைப் புகைதான் மேகமாகிறது என்பது புகைபோக்கிகளைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு எளிதில் தோன்றும் எண்ணம். இதில் பாதி உண்மை உண்டு. ஆவி துளியாவதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு துகள் வேண்டும். அலை உடையும்போது காற்றில் தெறிக்கும் உப்பு அதற்கு மிகப் பொருத்தமானது, புகைத்துகளும் உதவும். ஆனால் துகள் அளவுக்கு மிஞ்சினால் இருக்கிற ஈரம் எண்ணற்ற பொடித்துளிகளாகப் பங்கிடப்பட்டுவிடும். ஒரு நல்ல மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். பொடித்துளிகள் எளிதில் ஒன்றுசேர்வதில்லை. மழை தள்ளிப்போகவும் கூடும். மழைக்கும் புகைக்கும் இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு நீரில் கரைந்தால் மழை அமிலமாகும். ஆலை மழையைத் தருகிறது என்று பிள்ளைகள் நம்பி வளர்வதை நாம் அனுமதிக்கக் கூடாது. அந்தப் புகையைத்தான் அவர்கள் நாள்தோறும் சுவாசிக்கிறார்கள்.

சுட்டெரிக்கும் கோடையில் ஆலங்கட்டி எப்படி விழும்? குளிர்ந்த ஊரிலிருந்து காற்று அடித்து வருகிறது என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். தரையில் எவ்வளவு வெயில் அடித்தாலும், தமிழ்நாட்டில் சுமார் 5 கி.மீ. உயரத்தில் வெப்பம் பூஜ்யம் டிகிரிதான். இடிமேகமோ 15 கி.மீ. வரைகூட வளரும். அதன் மேற்பகுதியில் பனித்துகள்களும், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகளும் கலந்து கிடக்கின்றன. வெயில் தரையைச் சுடச்சுட, மேலெழும் காற்று வலுக்கிறது. அது பனித்துகளைக் கீழே விழவிடாமல் தாங்கத் தாங்க, மேலே நீர் உறைந்து உறைந்து கட்டி பெருக்கிறது. ஆகவே ஆலங்கட்டியை வளர்ப்பதில் வெயிலுக்கே பங்குண்டு. மொராதாபாத்தில் 246 பேரைப் பலிகொண்ட ஆலங்கட்டி மழை பெய்தது 1888 ஏப்ரல் 30 அன்று, வட இந்தியக் கோடையில். காஷ்மீரில் பனியாகவே தரை தொடும் துகள், திருவொற்றியூருக்கு மேலே கடைசி ஐந்து கிலோமீட்டரில் உருகி மழையாகிவிடுகிறது. நம் மழை எல்லாமே பனியிலிருந்து வருவதில்லை. உயரம் குறைந்த மேகங்களில் துளிகள் மோதிச் சேர்ந்தே மழை பிறக்கும். ஆனால் இடிமழையில் பெரும்பாலும் பனிக்குப் பங்குண்டு. சென்னைத் துறைமுகத்தில் 2002-இல் நிறுவியது போன்ற டாப்ளர் ரேடார்களில், பரவலான மழையின்போது பனி உருகும் அடுக்கு பளிச்சென்ற பட்டையாகவே தெரியும். ஊட்டியின் உறைபனி இந்தக் கணக்கில் வராது. அது வானத்திலிருந்து விழுவதில்லை, புல்லின் மேலேயே உருவாகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் எதற்கு, பள்ளியில் வரையும் படம் போதாதா என்று கேட்கலாம். படம் ‘எங்கே’ என்பதைக் காட்டும், ‘ஏன்’ என்பதைக் காட்டாது. ஏன் என்பதைக் காட்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குலுக்கி, மூடியை இறுக்கி, பாட்டிலை அழுத்திப் பிறகு விடுங்கள்: கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்து, ஊதுபத்திப் புகையைச் சிறிது உள்ளே விட்டு, மறுபடி மூடி, அழுத்திப் பிறகு விடுங்கள். விட்ட நொடியில் உள்ளே வெண்மேகம் படியும், அழுத்தினால் மறையும். ஈரம், துகள், விரிந்து குளிரும் காற்று மூன்றும் பிள்ளையின் கைக்குள்ளேயே இருக்கும். ஆசிரியர்கள் அக்டோபர் பிறக்குமுன் வகுப்பில் இதைச் செய்துகாட்ட வேண்டும். ஊதுபத்தியை மட்டும் பெரியவர்கள் கொளுத்தட்டும், பாட்டிலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.