சவரக்கத்திக் கல் குழிந்தால்

கேள்வி: தாத்தாவின் சவரக்கத்தியைத் தீட்டும் கல் நடுவில் குழிந்துவிட்டது. கத்தி கூர் பிடிப்பதில்லை. வேறு கல் வாங்கவா?
– வாசகர், செம்மநத்தம், ஏற்காடு

பதில்: வேண்டாம், சமப்படுத்தினால் போதும். சவரக்கத்தி முதுகும் வாயும் சேர்ந்து படிந்தே தீட்டப்படுவது. சிறு குழிவும் அதைக் கெடுக்கும். கல்லில் பென்சிலால் கட்டம் போடுங்கள். தடித்த கண்ணாடிமேல் 220ஆம் எண் வாட்டர் பேப்பரை நனைத்து விரித்து, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள். ஓரக்கோடுகள் முதலில் அழியும். நடுக்கோடு அழியும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு 400ஆம் எண்ணில் கொஞ்சம். விளிம்புகளையும் லேசாக மழுக்குங்கள். நன்றாகக் கழுவுங்கள், ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும், கத்தியின் வாயைப் பல்லாக்கிவிடும். கல்லை அடுப்பருகே வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள், சூட்டில் விரிசல் விடலாம். ஏற்காட்டுப் பனியில் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவியே உறையில் போடுங்கள்.