கரும்பு வெட்டும் முன்பணம் கொத்தடிமைக் கடனாகலாமா?

கரும்புப் பருவம் தொடங்குமுன் வெட்டு ஆட்களுக்காக மேஸ்திரியிடம் முன்பணம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். வேலையில்லாத மாதங்களில் அந்தப் பணம் ஏழைக் குடும்பத்துக்கு அரிசியாகவும் மருந்தாகவும் உதவுகிறது. ஆனால் அதே பணத்தைக் காட்டி ஆளைப் போகவிடாமல் பிடித்துவைத்தால், அது கொத்தடிமை முறை.

கடன் வளரும் விதம்

ஒரு கணவன் மனைவி 60,000 ரூபாய் முன்பணம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பருவம் முழுவதும் 200 டன் வெட்டுகிறார்கள். மேஸ்திரி டன்னுக்கு 300 ரூபாய் என்று கணக்குப் போட்டால், 60,000 ரூபாய் முன்பணத்துக்கே சரியாகிவிடும். சாப்பாட்டுச் செலவுக்கு இடையில் வாங்கிய 25,000 ரூபாய் பாக்கி நிற்கும். அடுத்த ஆண்டும் அவரிடமே வந்தாக வேண்டும். விவசாயி டன்னுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அந்தத் தம்பதிக்குத் தெரியவே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கொத்தடிமை முறை 1975 அக்டோபர் 25 முதல் நாடெங்கும் ஒழிக்கப்பட்டது. 1976-ல் அது பாராளுமன்றச் சட்டமாயிற்று. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அது அப்படிப்பட்ட கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, கொடுத்தவரைச் சேர்ந்தது. குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கம்பெனிகள் பார்ப்பது

சர்க்கரை வாங்கும் பெரிய கம்பெனிகள் சில, இப்போது ஆலையோடு நிற்காமல் வயல் வரை விசாரிக்கின்றன. கட்டாய உழைப்பில் உருவான பொருள்களுக்கு 2027 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் தடை விதிக்கிறது. இதுவும் ஒரு காரணம்.

ஆலைக் கணக்கில் கூலி சரியாகவே இருக்கும். ஆகவே வெட்டு நடக்கும் நாளில் வயலுக்கே வந்து, மேஸ்திரி இல்லாத இடத்தில் ஆட்களைத் தனித்தனியே விசாரிப்பதுதான் சரியான முறை. ஆதார் அட்டை, ரேஷன் கார்டு யாரிடம் இருக்கிறது? ஊருக்குப் போய்வர முடிகிறதா? மனைவியின் கூலி அவர் கையில் வருகிறதா? பிள்ளைகள் கரும்பு சுமக்கிறார்களா?

குறை தெரிந்தவுடன் அந்த ஆலையைக் கைவிட்டால், தொழிலாளியின் கடன் தீராது. கரும்பு போட்ட விவசாயிக்கும் நஷ்டம். கடனை நீக்கி, பாக்கிக் கூலியைக் கொடுத்து, இனிக் கூலி நேராக அவரவர் கைக்குச் சேர வழி செய்வதே பரிகாரம்.

விவசாயி செய்ய வேண்டியது

1. டன்னுக்கு என்ன கூலி என்பதை வெட்டும் ஆட்கள் முன்னிலையிலேயே பேசி முடிக்க வேண்டும்.

2. முன்பணம், எடை, கொடுத்த பணம் மூன்றையும் நோட்டில் எழுதி, ஒரு பிரதியைத் தொழிலாளியிடம் கொடுக்க வேண்டும்.

3. முன்பணத்துக்கு வட்டி போடுவதோ, அட்டைகளை வாங்கி வைப்பதோ கூடாது.

4. வேலையை விட்டுப் போக விரும்புகிறவரைத் தடுக்கக் கூடாது.

5. யாரையேனும் அடைத்து வைத்திருப்பதாகத் தெரிந்தால் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ தெரிவிக்க வேண்டும்.

கூலியை மேஸ்திரியிடம் கொடுத்ததோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. வெட்டியவர் கைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று ஒரு வார்த்தை கேட்பது, கரும்பு கொடுத்த விவசாயியின் கடமை.